அப்பாயிக்கு எதற்குச் சிமெண்ட் கலர்?

வயதான பெண்களுக்குச் சேலை எடுப்பதில் நம்மிடம் எழுதாத சட்டம் ஒன்று நடப்பில் இருக்கிறது. பேரப்பிள்ளை பிறந்துவிட்டால் நிறம் மங்க வேண்டும். பூ சிறுக்க வேண்டும். கரை மெலிய வேண்டும். அரியலூரிலோ செந்துறையிலோ ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து "அப்பாயிக்கு ஒரு சேலை காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு என்ன நிறம் பிடிக்கும், ஆள் உயரமா குட்டையா, வீட்டில் கட்டவா வெளியே போகவா என்று ஒரு கேள்வி வராது. கடைக்காரரின் கை தானாக ஓர் அடுக்குக்குப் போகும். பிஸ்கட் கலர், சந்தன கலர், வெளுத்த ஊதா, சிமெண்ட் கலர். உடலெங்கும் கடுகளவு பூ, விரலகலத்தில் கரை. "வயசானவங்களுக்கு இதுதாங்க டீசண்டா இருக்கும்" என்ற சான்றிதழும் கூடவே வரும்.

ஆலத்தியூரிலிருந்து தீபாவளித் துணி எடுக்க வரும் ஒரு குடும்பத்தைக் கவனியுங்கள். மகளுக்கும் மருமகளுக்கும் அரைநாள் போகும். மேஜைமேல் நூறு சேலை பிரிந்து கிடக்கும். அப்பாயி சுவரோரப் பெஞ்சில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார். கடைசியில், பில் போடப் போகும் நேரத்தில், அவருக்கு ஒன்று எடுப்பார்கள். அதை அவர் கையில் கொடுத்ததும் என்ன செய்கிறார் பாருங்கள். முதலில் கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். பிறகு மறுபுறம் திருப்பி, பூ நெய்ததா அச்சடித்ததா என்று பார்ப்பார். ஒரு முழத்தைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை நெருக்கத்தைப் பார்ப்பார். அங்கே வந்தவர்களில் துணி பார்க்கத் தெரிந்தவர் அவர். அவரிடம் மட்டும் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு, போதும்" என்று அவரே மடித்துக் கொடுத்துவிடுவார்.

சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள ஊர் ஆலத்தியூர். சாம்பல் நிறத்துக்கு அங்கே பஞ்சமில்லை. வேலியிலும் சாலையோர மர இலையிலும் படிந்திருக்கிற நிறத்தையே அப்பாயியின் உடம்பிலும் சுற்றிவிட்டு அதற்கு "வயசுக்கேத்த சேலை" என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் ஐந்து காரணம் சொல்வார்கள்: அது நம் மரபு, அடக்கம்தான் அழகு, சின்னப் பூவும் நெட்டுக் கோடும் உடம்பைப் பாந்தமாகக் காட்டும், லேசான துணி வயதானவர்களுக்குச் சௌகரியம், எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களே அதைத்தான் கேட்கிறார்கள். ஐந்தையும் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

மரபிலிருந்து தொடங்குவோம். நம் பாட்டிமார் மங்கலான நிறம்தான் கட்டினார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று சென்னையில் இளம்பெண்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அது செட்டிநாட்டு ஆச்சிமார் வீட்டில் அன்றாடம் கட்டிய முரட்டுப் பருத்திச் சேலை. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று ஒன்றோடொன்று மோதும் நிறங்கள். பெரிய பெரிய கட்டங்கள். இரண்டு பக்கமும் அகலமான கரை. எழுபது வயது ஆச்சி அதைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் வற்றல் காயவைத்தார். மதுரைச் சுங்குடியில் சௌராஷ்டிரப் பெண்கள் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த புள்ளிகள் அழுத்தமான சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும்தான் துலங்கின. மயிலாடுதுறைக் கூறைநாட்டில் நெய்த கூறைச் சேலை கட்டத்துக்குப் பெயர்போனது. நம் பக்கத்தில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றி இலையூர், வாரியங்காவல் போன்ற ஊர்களில் இன்றும் தறி ஓடுகிறது. அந்தத் தறிகளில் ஏறும் பாவின் நிறத்தைப் பார்த்தவர்கள், வெளிறிய நிறம்தான் தமிழ் மரபு என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, துணியை விடுங்கள், சடங்கைப் பாருங்கள். திருக்கடையூரில் வருடம் முழுக்க அறுபதாம் கல்யாணமும் எண்பதுக்குச் சதாபிஷேகமும் நடக்கின்றன. கணவருக்கு எண்பது என்றால் மனைவிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவருக்கு என்ன கட்டுகிறார்கள்? அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள், அகலச் சரிகைக் கரை. கழுத்தில் மாலை, நெற்றியில் பெரிய பொட்டு. "இந்த வயசுல இது எதுக்கு?" என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. மகனும் மருமகளும் காலில் விழுந்து புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாள். 1908இல் பிறந்தவர். 1933இல் அவருடைய கணவர் கிட்டப்பா இறந்தார். அன்றிலிருந்து வெள்ளை உடுத்தத் தொடங்கிய அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. 1980இல் இறக்கும்வரை அதை மாற்றவில்லை. கிட்டப்பா இறந்து இருபது வருடம் கழித்து, 1953இல் வெளிவந்த ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் நரைத்த தலையும் திருநீறும் வெளுத்த உடையுமாக அவர் வந்தார். வயது முதிர்ந்த, மரியாதைக்குரிய பெண் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று தமிழ்நாட்டின் மனத்தில் பதிந்ததில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் பங்கு உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு வெளியே வந்துவிடுகிறது. எழுபதைத் தாண்டியவருக்கு அரக்குப் பட்டு, இருபத்தைந்தில் வெள்ளை. நிறத்தைத் தீர்மானித்தது வயது என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? தீர்மானித்தது கணவன் உயிரோடு இருக்கிறானா என்பது. பல சாதிகளில் கைம்பெண்ணுக்கு வெள்ளைச் சேலையை விதித்து வைத்திருந்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் அதை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் பேசினார்கள், எழுதினார்கள். பெரியாரின் இயக்கம் மேடைமேடையாகச் சொன்னது. மணியம்மையார் கறுப்புச் சேலையில் பொதுவாழ்க்கை நடத்திக் காட்டினார். இன்று கணவனை இழந்தவருக்கு வெள்ளைதான் என்று வாய்விட்டுச் சொல்லப் பலரும் கூசுகிறார்கள். நல்லது. ஆனால் அந்த வெள்ளை முழுதாகப் போய்விடவில்லை. கொஞ்சம் சாயம் கலந்து, பிஸ்கட்டும் சாம்பலுமாக மாறி, கணவன் இருப்பவர் இல்லாதவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லா வயதான பெண்களுக்கும் பொதுவாகிவிட்டது. ஒழித்துவிட்டதாக நாம் பெருமைப்படும் வழக்கத்தை வேறு அடுக்கிலிருந்து எடுத்து விற்றுக்கொண்டிருக்கிறோம். இதை மரபு என்று காப்பாற்ற வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

இரண்டாவது காரணம், அடக்கம்தான் அழகு என்பது. இதில் எனக்குச் சண்டை இல்லை. அடக்கத்தை வெளிறலோடு சேர்த்துக் குழப்புவதில்தான் சண்டை. எம்.எஸ். சுப்புலட்சுமியை அடக்கமில்லாதவர் என்று யாராவது சொல்வார்களா? 1916இல் பிறந்த அவர் எழுபது வயதைத் தாண்டியும் மேடையில் அழுத்தமான நிறமும் சரிகைக் கரையுமான காஞ்சிப் பட்டில்தான் உட்கார்ந்தார். அவர் கட்டிய ஒரு நீலம் எம்.எஸ். புளூ என்று கடைக்காரர் வாயில் இன்றும் புழங்குகிறது. கலாக்ஷேத்திராவை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அங்கே தறி போட்டு, வழக்கொழிந்துபோன பழைய அகலக் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டு நெய்ய வைத்தார். 1986இல் மறையும்வரை அவற்றைக் கட்டியவர்களில் அவரே முதலாமவர். தமிழ்நாட்டில் கம்பீரம் என்றால் கண்முன் வரும் பெண்களில் இந்த இருவரும் உண்டு. இருவரும் ஜவுளிக்கடையின் அப்பாயி அடுக்கிலிருந்து ஒரு சேலைகூட எடுத்திருக்க மாட்டார்கள்.

காஞ்சி நெசவாளர்களுக்குத் தெரிந்த ஒன்று நமக்கு மறந்துவிட்டது. அடக்கம் என்பது அளவு. வெறும் உடல், அதில் ஒரு பூகூட இல்லை. கோர்வையில் பிணைத்த வேறு நிறக் கரை, நாலு விரலோ அதற்கு மேலோ. முந்தியில் மட்டும் கொஞ்சம் வேலைப்பாடு. மயில்கழுத்து உடலுக்கு அரக்குக் கரை என்றால் நிறம் உரக்கப் பேசுகிறது, வடிவம் அமைதியாக இருக்கிறது. அப்பாயி அடுக்குச் சேலையில் நடப்பது நேர் எதிர். நிறம் முனகுகிறது, பூவோ உடலெங்கும் இரைந்து கிடக்கிறது. இதில் எது அடக்கம்?

மூன்றாவது, வடிவம் பற்றிய குறிப்புகள். பெண்கள் பத்திரிகைகள் காலங்காலமாகச் சொல்லிவருவது: வயதானவர்கள், பருத்தவர்கள் நெட்டுக் கோடு போட்டதையும் சின்னப் பூப் போட்டதையும் தேர்ந்தெடுக்க வேண்டும், குறுக்குக் கோடும் பெரிய கட்டமும் கூடாது. கவுனுக்கும் கோட்டுக்கும் எழுதிய குறிப்பை அப்படியே சேலைக்குக் கொண்டுவந்த கோளாறு இது. ஒரு சேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் நீளவாக்கில் ஓடும் கோட்டைக் கடையில் தொங்கவிட்டுக் காட்டும்போது அது நெட்டுக் கோடு. இடுப்பில் சுற்றியதும் அதே கோடு உடம்பைச் சுற்றிப் படுத்துக்கொள்கிறது. மார்பில் சாய்வாக ஏறுகிறது. தோளைத் தாண்டி முதுகில் விழும்போது மறுபடி நெட்டாகிறது. ஒரே கோடு ஒரே உடம்பில் மூன்று திசையில் ஓடுகிறது. அதில் எந்தத் திசையை நம்பிச் சேலை எடுப்பது?

அந்தக் குறிப்பு கவுனுக்காவது சரியா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்பார்வை பற்றிய தன் பெருநூலை 1867இல் முடித்தார். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் பார்வைக்கு உயர்ந்தும் ஒடுங்கியும் தெரிகிறது என்று காட்டி, குறுக்குக் கோட்டு உடை ஆளை உயரமாகக் காட்டும் என்றே அதில் எழுதினார். 2011இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை உடையிலேயே சோதித்து, குறுக்குக் கோடு யாரையும் குண்டாகக் காட்டுவதில்லை என்று வெளியிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டாகத் தவறு என்று தெரிந்த ஒன்றைத்தான் நாம் இன்னும் அம்மாமார்களுக்கு அறிவுரையாக வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

சின்னப் பூ விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அதைக் கட்டுகிறவருக்கே அது தெரியாது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை பழுக்கிறது, மஞ்சள் ஏறுகிறது. உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. நீலத்தைக் கறுப்பிலிருந்தும் பச்சையிலிருந்தும் பிரித்துப் பார்ப்பது கடினமாகிறது. அருகருகே வரும் வெளிறிய நிறங்கள் ஒன்றாகக் கலங்கிவிடுகின்றன. சந்தன உடலில் இளமஞ்சள் பூ என்றால் முப்பது வயது மருமகளுக்கு அது நுணுக்கம். அறுபத்தெட்டு வயது அப்பாயிக்கு அது அழுக்கு வெள்ளைத் துணி. தெளிவான கட்டமும், உடலிலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும் கரையும்தான் அவர் கண்ணுக்குச் சேரும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் வானமும் துணியும் நீலமாக, பளிச்சென்று தெரிகின்றன என்று பலர் வியந்து சொல்வார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கிய காலம்தொட்டு எத்தனையோ முகாம்கள் கிராமத்துக் கண்களுக்கு நிறத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. கண்ணுக்குத் திரும்பி வந்த நிறத்தை உடுத்தும் துணியில் மறுப்பது என்ன நியாயம்?

பெரிய வடிவத்திலும் ஓர் எல்லை உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். முழங்கை நீள மயிலும் யானையும் தனித்தனியாக நிற்கும் சேலை குட்டையான, முதுகு வளைந்த உடம்பில் எடுபடாது. கொசுவத்தில் பாதி மயில் மறைந்துவிடும். கட்டம் அப்படி இல்லை. எங்கே மடித்தாலும் கட்டம் கட்டம்தான். உள்ளங்கை அளவுக்குள் அடங்கும் கட்டம், முத்துக்கட்டம், இடைவெளி விட்ட புட்டா, வெறும் உடல் ஆகியவை எந்த மடிப்பிலும் குலையாதவை. பத்தடி தள்ளி வைத்துப் பார்த்தால் வடிவம் வடிவமாகத் தெரிகிறதா, கலங்கிப் போகிறதா என்பதே சோதனை. கலங்கினால் வேண்டாம்.

மங்கல் நிறம் வேண்டாம் என்பதற்கு எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் உரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது அழகைவிட அவசரமானது. அரியலூர் மாவட்டச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. நூறு நாள் வேலைக்கும் ரேஷன் கடைக்கும் பால் ஊற்றவும் அதே சாலையோரத்தில் நடக்கிறவர்களில் வயதான பெண்கள் ஏராளம். காது கொஞ்சம் மந்தம், நடை கொஞ்சம் மெது. புழுதியும் பனியும் கலந்த விடியற்காலையில் புழுதி நிறச் சேலை கட்டிய ஒருவரை லாரி ஓட்டுநர் எத்தனை அடியில் பார்ப்பார்? கும்மிருட்டில் வெள்ளைதான் நன்றாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் எடுத்துப் போடுவது வெள்ளையும் இல்லை. சாலையும் புழுதியும் எந்த நிறமோ அந்த நிறம். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் தான் தெரிய வேண்டும் என்பதற்காகவே தலை முதல் கால் வரை ஒரே பளிச் நிறத்தில் உடுத்தினார் என்பது பிரசித்தம். 2016இல் அவருடைய 90ஆம் பிறந்தநாள் அணிவகுப்புக்குக் கண்ணைப் பறிக்கும் பச்சையில் வந்தார். ராணி கண்ணில் படுவது மரியாதைக்கு. செந்துறைச் சாலையில் நடக்கும் அப்பாயி கண்ணில் படுவது உயிருக்கு.

நான்காவது, சௌகரியம். லேசான பாலியஸ்டர் சேலை துவைக்க எளிது, சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம், விலையும் குறைவு. இவை நான்கும் உண்மை. நனைந்த கெட்டிப் பருத்திச் சேலையை முறுக்கிப் பிழிய எழுபது வயதுக் கையால் முடியாது என்பதும் உண்மை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறதே. அந்தச் சேலை சித்திரை வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தோளில் நிற்காமல் வழுக்கும். அப்பாயி நாள் முழுக்க ஒரு கையால் முந்தியைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். விறகடுப்பில் ஒரு பொறி பட்டால் பருத்தி எரியும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். தமிழ்நாட்டில் பருத்தி நிறைய விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. அங்கே மகனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நிரைநிரையாகப் பஞ்சு எடுக்கிற பெண்களின் உடம்பில் பருத்தி இல்லை. இந்த முரணைச் சௌகரியம் என்ற பெயரால் மூடக் கூடாது. கஞ்சி போடாத ஃபுல் வாயில், மெல்லிய இழைக் கைத்தறி என்று லேசான பருத்தி கடையில் இருக்கத்தான் செய்கிறது. கேட்டால்தான் எடுப்பார்கள்.

உண்மையான சௌகரியம் எதில் என்று பார்த்தால் அகலத்தில். எலும்பு தேய்ந்து முதுகு வளையும்போது பெண்ணின் உயரம் ஓரிரு அங்குலம் குறைகிறது. சேலையின் அகலமோ எப்போதும் போல 46, 47 அங்குலம். மிச்சத் துணியை இடுப்பில் சுருட்டிச் செருகினால் வயிறு புடைத்துத் தெரிகிறது. செருகாவிட்டால் முன்கொசுவம் காலில் தட்டுகிறது. முதுகு வளைந்தவருக்குப் பின்பக்கம் சேலை தூக்கும், முன்பக்கம் இறங்கும். அந்த முன்பக்கம் தடுக்கித்தான் விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்து நடக்க எத்தனை மாதம் ஆகும் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். பழைய கண்டாங்கி அகலம் குறைந்தது. கணுக்காலுக்கு மேலே நிற்கும். வேலை செய்கிற, வயதேறுகிற உடம்புக்கு நெய்த துணி அது. அகலக் கரைக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. கெட்டிக் கரையின் கனம் கொசுவத்தைக் கீழே இழுத்து நிறுத்துகிறது. மெல்லிய கரையுள்ள வழவழச் சேலை காற்றுக்கும் காலுக்கும் நடுவே அலைகிறது.

சேலையாவது பரவாயில்லை, ஜாக்கெட்டுக்கு நடப்பது அநியாயம். அப்பாயி தையல்கடைக்குப் போவதே இல்லை. அவருடைய அளவு ஜாக்கெட் போகிறது. அது எந்தக் காலத்து உடம்புக்குத் தைத்தது என்பது அவருக்கே நினைவிருக்காது. "இதவிட கொஞ்சம் லூசா வைங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். தையல்காரரும் இரு பக்கத் தையலிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுப்பார். வயதான உடம்பு வெறுமனே பெருத்த உடம்பு என்று நினைப்பதால் வரும் தவறு இது. முதுகு கூனும்போது முதுகு உயரம் கூடுகிறது, முன் உயரம் குறைகிறது. பழைய அளவில் தைத்தால் பின்பக்கம் ஏறி இடுப்பு தெரியும், முன்பக்கம் துணி சுருண்டு தொங்கும். மார்பு இறங்கியிருக்கும், டாட் பழைய இடத்திலேயே நிற்கும். தோள் முன்னே சாய்ந்திருப்பதால் அகலக் கழுத்து ஒரு பக்கமாக வழியும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப் போவது சகஜம். கைக்குழி ஒடுக்கமாக இருந்தால் கையை நுழைக்கவே இன்னொருவர் உதவ வேண்டும். ஆகவே பின்கழுத்து ஏற்றம், பின்பக்கம் நீளம், முன்பக்கம் குறைவு, டாட் கீழே, கைக்குழி தாராளம், முழங்கை வரை கை, முடக்குவாத விரலுக்குச் சின்ன ஊக்குக்குப் பதில் பெரிய ஊக்கோ பிரஸ் பட்டனோ. இத்தனையும் சேர்ந்தால்தான் வயதுக்கேற்ற உடை. நிறத்தில் வயதைத் தேடிய நாம் வெட்டில் அதைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

வீட்டில் நைட்டி போட்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிற பாட்டிகளையும் இதே சட்டம் துரத்துகிறது. 2018இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற ஊரின் பெரியவர்கள், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். குனிந்து கொசுவம் வைக்க முடியாதவருக்கு அந்த உடை எவ்வளவு பெரிய விடுதலை என்று அபராதம் போட்டவர்களுக்குத் தெரியாது. அழுத்தமான நிறத்தில், கெட்டிப் பருத்தியில், பை வைத்துத் தைத்த நைட்டி எந்தச் சேலைக்கும் குறைந்ததில்லை.

ஐந்தாவது காரணம்தான் வலுவானது: "அவங்களே மங்கலாத்தான் கேக்குறாங்க." கேட்கிறார்கள், உண்மை. ஆனால் எப்படிக் கேட்கப் பழகினார்கள்? ஐம்பது வயதில் ஒரு கிளிப்பச்சை கட்டியபோது "என்ன, மருமகளுக்குப் போட்டியா?" என்று ஒருத்தி சிரித்திருப்பாள். கணவர் போன பிறகு பொட்டையும் பூவையும் பற்றி ஊர் பேசியதைக் கேட்டிருப்பார். பத்து முறை குட்டுப்பட்டவர் பதினோராம் முறை தானே குனிவதை விருப்பம் என்று பதிவு செய்துகொள்வது நமக்கு வசதி. எல்லா அடுக்கையும் பிரித்துப் போட்டு, அவசரப்படுத்தாமல், "ஊரு கெடக்குது, உனக்கு எது புடிச்சிருக்கு?" என்று கேட்ட பிறகும் அவர் சாம்பலைத்தான் எடுக்கிறார் என்றால், தாராளமாகச் சாம்பலே வாங்கிக் கொடுங்கள். அது அவர் தேர்வு. ஓரத்து அடுக்கை மட்டும் காட்டிவிட்டு அதை விருப்பம் என்று சொல்லக் கூடாது.

நம் எல்லார் வீட்டிலும் நடக்கும் ஒன்றோடு இந்த வாதம் முடிந்துவிடும். ஒரு பாட்டி இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி கோடி என்று உறவுக்காரர்கள் புதுச்சேலையோடு வந்து நிற்கிறார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக உடம்பில் போர்த்துகிறார்கள். உயிரோடு இருந்த இருபது வருடம் "உனக்கெதுக்கு இந்தக் கலரு?" என்று கேட்ட அதே குடும்பம், அவர் பார்க்க முடியாத நாளில் அத்தனை கலரையும் கொண்டுவந்து கொட்டுகிறது. இவ்வளவுக்கும் பிறகு வயதுக்கேற்ற நிறம் என்று பேச நமக்கு வாய் வரக் கூடாது.

அரசாங்கம்கூட இந்த விஷயத்தில் நம்மைவிட மேல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தில் குடும்ப அட்டைக்குச் சேலை உண்டு, வயதுக்குத் தனி நிறம் கிடையாது. 2023 பொங்கலுக்குப் பதினைந்து வடிவங்களில் சேலை நெய்து கொடுத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் பாட்டிக்கு வந்ததுதான் பேத்திக்கும் வந்தது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பாயி அடுக்கு என்று தனியாக வைக்காதீர்கள், வயதைக் கேட்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள். கோ-ஆப்டெக்சுக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒன்று: அகலம் குறைந்த, அழுத்தமான நிறத்தில், கெட்டிக் கரையோடு மெல்லிய பருத்தியில் நெய்து பாருங்கள், வயதானவர்கள் பெருகிவரும் இந்த மாநிலத்தில் அது தேங்காது. வீட்டில் இருப்பவர்களுக்கு: வரும் தீபாவளிக்கு முதல் சேலை அவருக்கு எடுங்கள், கடைசிச் சேலையை உங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தையல்கடைக்குப் போகும்போது அந்த அளவு ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.